ஷிப்ட் முடிந்ததும் உருமி

கேள்வி: கம்பெனியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். வீடு வந்து சேர்ந்தால் உடம்பு கட்டிலைத்தான் தேடுகிறது. கதை எழுத ஆசை. எப்போது எழுதுவது?
– டெக்னீஷியன், சுங்கை ஆரா

பதில்: வேலை நாளில் எழுத வேண்டாம், தூங்குங்கள். ஓய்வு நாள் காலையில் பசியாறிவிட்டு இரண்டு மணி நேரம் உட்காருங்கள். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். அன்றைக்குப் பார்த்து ஓ.டி.க்குக் கூப்பிடுவார்கள். மாதம் ஒரு தடவையாவது 'வர முடியாது' என்று சொல்லிப் பழகுங்கள். 1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்த நாள் முதல் ஓ.டி. தீர்ந்துபோனதாக வரலாறு இல்லை. அடுத்த மாதமும் இருக்கும்.

கேள்வி: நம் ஊரில் வேலையையும் பார்த்து இலக்கியமும் செய்தவர் யாராவது உண்டா? சுஜாதா பெயரைச் சொல்லித் தப்பிக்கக் கூடாது!
– மாணவி, குளுகோர்

பதில்: குளுகோரில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? உங்கள் பக்கத்திலேயே இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் ரெ. கார்த்திகேசு பேராசிரியராக இருந்தார். 1940இல் பிறந்த கெடாக்காரர். முதலில் வானொலி, தொலைக்காட்சி. பிறகு இங்கே வந்து மக்கள் தகவல் சாதனப் பாடம் நடத்தினார். விடைத்தாளும் ஆய்வு மாணவர்களும் துறைக் கூட்டமும் யாரையும் சும்மா விடாது. அதற்கு நடுவில்தான் 1981இல் 'வானத்து வேலிகள்' வந்தது. அடுத்த நாவல் 'தேடியிருக்கும் தருணங்கள்' 1993இல். நடுவே பன்னிரண்டு வருஷம்! "அவர் எழுத்தை விட்டுவிட்டார் போல" என்று சொல்ல நம் ஊரில் ஆளா இல்லை? அவரோ சிறுகதையும் விமர்சனமும் எழுதிக்கொண்டுதான் இருந்தார். நாவலுக்கு நேரம் வாய்க்காத வருஷங்களில் கை துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டார் என்றே நான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் 1998இல் 'அந்திம காலம்', மறு வருஷமே 'காதலினால் அல்ல' என்று அடுத்தடுத்து வந்திருக்குமா? 2016இல் காலமானார். தேர்வு முடிந்ததும் 'அந்திம கால'த்தைத் தேடிப் படியுங்கள். தேர்வுக்கு முன்னால் வேண்டாம், கீழே வைக்க மனசு வராது.

கேள்வி: படம் வரைந்து போட்டால் பதினோரு லைக்தான் விழுகிறது. விட்டுவிடலாமா?
– கணக்காளர், ஆயர் ஈத்தாம்

பதில்: அதில் சொந்தக்காரர்களைக் கழித்தீர்களா? ஆர்மீனியன் ஸ்திரீட்டில் 2012இல் வரைந்த சைக்கிள் சுவரோவியத்தோடு படம் எடுத்துக்கொள்ள ஊரே வரிசையில் நிற்கிறது. வரைந்தவர் பெயர் எர்னஸ்ட் ஸகாரெவிச் என்று அந்த வரிசையில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேட்டுப் பாருங்கள், பதினொன்று தேறாது.

கேள்வி: வேலையை விட்டுவிட்டுப் பாட்டே கதி என்று இறங்கலாமா? அம்மா சம்மதிக்கவில்லை.
– மேடைப் பாடகர், ஜெலுத்தோங்

பதில்: நானும் அம்மா கட்சி. ஜாலான் பி. ரம்லி உங்களுக்குப் பக்கம்தானே? அவர் பிறந்த வீட்டை அங்கே காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், ஒரு நடை போய் வாருங்கள். பாட்டு, இசை, நடிப்பு, டைரக்‌ஷன் எல்லாம் கைவந்த மனிதர், 44 வயதில், 1973இல், பணக் கஷ்டத்தோடு போய்ச் சேர்ந்தார். 'டான் ஸ்ரீ' பட்டம் 1990இல் வந்தது. ஒரு வருஷச் செலவுக்குச் சேர்த்து வைத்துக்கொண்டு அம்மாவிடம் மறுபடி பேசுங்கள். அதுவரை என்ன, கல்யாணக் கச்சேரிகள் சனி, ஞாயிறில்தானே வருகின்றன?

கேள்வி: உருமி மேளக் குழுவில் இருக்கிறேன். தைப்பூசத்துக்கு லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகத்தைச் சுளிக்கிறார்.
– ஆப்பரேட்டர், பத்து கவான்

பதில்: எப்போது கேட்டீர்கள்? முந்தின வாரமா? பினாங்கில் தைப்பூசம் பொது விடுமுறைதான், ஆனால் மெஷினுக்கு அது தெரியாது. தேதி காலண்டரில் வருஷத் தொடக்கத்திலேயே இருக்கிறது. அன்றைக்கே விண்ணப்பம் போடுங்கள். சீனப் புத்தாண்டுக்கு உங்கள் ஷிப்டில் நான் நிற்கிறேன் என்று சீன நண்பரிடம் பேசி வையுங்கள். பயிற்சிக்கும் இதே ஏற்பாடுதான். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து இழுக்கும்போது எழும் அந்த உறுமல் ஒரே ராத்திரியில் வராது. தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்து வருகிறவர் உங்கள் அடியை நம்பித்தான் ஆடுகிறார்.

கேள்வி: என் சிறுகதையை உங்களுக்கு அனுப்பலாமா?
– ஆசிரியை, பட்டர்வொர்த்

பதில்: தாராளமாக. மூன்று பக்கத்துக்குள், தட்டச்சு செய்து அனுப்புங்கள். 'வேலைப் பளுவால் சரியாகத் திருத்த முடியவில்லை' என்ற கடிதம் மட்டும் கூட வர வேண்டாம். திருத்தி முடித்துவிட்டே அனுப்புங்கள். ஒரு மாதம் தாமதமானாலும் படிப்பேன்.