மரதனும் கம்பளித் தொப்பியும்: மன்னார்க் குளிர் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

தை பிறந்தால் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காய்ச்சல் தொடங்கும். அதற்குக் கட்டியம் கூறுவது மரதன் ஓட்டம். உலக மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. மன்னார் நகரிலிருந்து மேற்கே அதை ஓடினால், ஏறக்குறைய 30 கிலோமீற்றரிலேயே தலைமன்னார் இறங்குதுறை வந்துவிடும். மிச்சத்தை இராமர் அணையில்தான் ஓட வேண்டும். ஆதலால் எங்கள் மரதன் சில கிலோமீற்றரில் முடிவது புவியியல் நியாயமே.

2. குளிர் உண்டா?

தை விடியலில் வெப்பமானி ஏறக்குறைய 24 பாகை காட்டும். அதே மாதம் நுவரெலியாவில் புல்லில் உறைபனி படிவதுண்டு. ஆயினும் அம்மாமாரின் தீர்ப்புக்கு மேன்முறையீடு இல்லை: "மகன், வாடை அடிக்குது, தடிமன் பிடிக்கும், தொப்பியைப் போடு!"

ஓடுபவன் செலவிடும் சக்தியில் முக்கால் பங்கு வெறும் வெப்பமாகிறது. ஆகவே பெரியகடை தாண்டுமுன் தொப்பி இடுப்பிலும், சுவெற்றர் சைக்கிளில் பின்தொடரும் தம்பியின் தோளிலும் இருக்கும். இது நேரடிச் சான்று, அத்தம்பி இவ்வாய்வாளரே.

மேலும், 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த வங்காலைச் சரணாலயத்துக்கு வடதேசக் குளிருக்குத் தப்பி ஊசிவால் வாத்துகள் வருகின்றன. அவற்றுக்கு மன்னாரே சுவெற்றர். சுவெற்றருக்குள் இருந்துகொண்டு இன்னொரு சுவெற்றர் கேட்பவர் மனிதர் மட்டுமே.

3. இளைப்பாறலின் இலக்கணம்

ஓட்டத்துக்கு உடுப்பைவிட வேண்டியது இளைப்பாறல். இத்துறையின் மூதறிஞர் மன்னார்க் கழுதைகள். நடுறோட்டில் நின்றபடியே கண்ணயர்வார்கள். பஸ் ஹோர்ன் அடித்தால் ஒரு காது மட்டும் திரும்பும்.

பள்ளிமுனைப் பெருக்க மரம் அடுத்த சான்று. சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். தண்டில் நீரைச் சேர்த்துக்கொண்டு, வறட்சியில் இலையைக் கழற்றிவிட்டு, பேசாமல் நிற்கிறது. மரதனுக்கு வேண்டிய நீர், ஓய்வு, உடுப்புக் குறைப்பு ஆகிய மூன்று ஆயத்தமும் அதனிடம் பூரணம். ஓடாதது ஒன்றே குறை.

தசையில் மாச்சத்துச் சேர ஓய்வு வேண்டும். போட்டிக்கு முந்தைய கடைசி நாட்களில் பயிற்சியைக் குறைப்பது அதற்காகவும்தான். எங்கள் வீரரோ முதல்நாள் மாலை மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடி, நள்ளிரவுவரை கைபேசியில் மரதன் காணொளி பார்த்து, விடிய எழும்பி நித்திரையைத் தவிர மற்ற அனைத்தையும் அணிந்துகொள்கிறார்.

4. முடிபு

மன்னாரில் மரதனுக்கான குளிர்கால உடுப்பு ஒன்பது மணித்தியால நித்திரை. ஓட்டக்காரர்களே, அம்மாவின் மனம் நோகாமல் தொப்பியோடு படலையைத் தாண்டுங்கள். சந்தியில் கழற்றித் தம்பியிடம் கொடுங்கள். அவனுக்கும் ஒரு தேசிக்காய்த் தண்ணீர் வாங்கிக் கொடுங்கள்; சுமந்தவன் அவன்.