கடைசிச் சாய்கோட்டுக்கு அப்பால்

கேள்வி: சி மொழியில், ஒரு ஃபைலின் முழுப் பாதையிலிருந்து கடைசிப் பெயரை மட்டும் எடுப்பது எப்படி?
– ஒரு வாசகி, ஹிஞ்சவடி, புனே

பதில்: ஊர், அப்பா, கடைசியில் ஆள் என்று இனிஷியல் போட்டு வளர்ந்த நமக்கு இது ரத்தத்திலேயே ஊறிய விஷயம். புனேக்காரர்களுக்குத்தான் சிரமம், அங்கே கடைசிச் சொல்லைப் பிடித்தால் ஆள் வரமாட்டார், குடும்பமே வரும்!

'எஸ்டிஆர்ஆர்சிஹெச்ஆர்' என்றொரு ஃபங்ஷன் உண்டு. பெயர் பல்லை உடைக்கும்; வேலை பழம். கடைசிச் சாய்கோடு இருக்கும் இடத்தைக் காட்டும். அதற்கு அடுத்த எழுத்திலிருந்து படியுங்கள். சாய்கோடே இல்லையென்றால் 'நல்' வரும். அதைப் பார்க்காமல் ஒன்றைக் கூட்டிப் படித்தால் புரோகிராம் படுத்துவிடும்.

ரெடிமேடாக 'பேஸ்நேம்' இருக்கிறதே என்பீர்கள். அதே பெயரில் இரண்டு பேர் உண்டு, ஜாக்கிரதை. 'லிப்ஜென்' ஹெட்டரில் இருக்கும் பாசிக்ஸ்காரர், பாதையின் வாலில் சாய்கோடு இருந்தாலும் சரியான பெயரைத் தருவார். ஆனால் வாலை நறுக்கும்போது உங்கள் ஸ்ட்ரிங்கிலேயே கத்தி வைக்கலாம். அவரிடம் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், நகலைக் கொடுங்கள். 'ஸ்ட்ரிங்' ஹெட்டரில் இருக்கும் குனுக்காரர் சாது, எதையும் தொடமாட்டார். பாதை சாய்கோட்டில் முடிந்தால் மட்டும் வெறுங்கையை விரிப்பார்.

1991-ல் 'பரம் 8000' சூப்பர் கம்ப்யூட்டரைத் தந்த சி-டாக் உங்கள் ஊர்தான். எவ்வளவு பெரிய கம்ப்யூட்டரானாலும், நகல் எடுக்காமல் கொடுத்தவரை அது காப்பாற்றாது!