புரோக்கர்மேல் மனத்தாங்கல் கொண்ட வீட்டுக்காரர்: பேரணாம்பட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

1. நோக்கமும் எல்லையும்

தோல் பதனிடுவது பற்றி ஆய்வேடுகள் உண்டு. ஆம்பூர் பிரியாணி பற்றித் தீராத வழக்குகள் உண்டு. வீட்டை விற்கப் போட்டுவிட்டுப் புரோக்கரின் போனுக்காகக் காத்திருக்கும் பேரணாம்பட்டு வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் அறிவுலகம் இதுவரை வாய் திறக்கவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். ஆம்பூர் சாலையும் வி.கோட்டா சாலையும் இதன் எல்லைகள். ஆய்வு முறை, டீக்கடை பெஞ்சில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்தல்.

கருதுகோள் வருமாறு: வீட்டுக்காரரின் துயரத்துக்கு மூலகாரணம் புரோக்கர் அல்லர். அவரை எப்போது, என்ன சொல்லி நியமித்தோம் என்பது இருவருக்குமே தெரியாததுதான்.

2. நியமனப் படலம்

கள ஆய்வில் பதிவான உரையாடல்:

"இன்னாண்ணா, வீட்டைக் குடுக்கறதா கேள்விப்பட்டேன்?"

"நல்ல வெல வந்தா பார்க்கலாம் பாய்."

அவ்வளவுதான். வீட்டுக்காரர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போகிறார். தாம் யாரையும் நியமித்ததாக அவருக்கு நினைப்பில்லை. பாயோ அன்று மாலையே வாசற்படியைப் போட்டோ எடுத்து, "அவசர விற்பனை, பத்திரம் கிளியர்" என்று வாட்ஸ்அப்பில் ஏற்றிவிடுகிறார். மறுநாள் இன்னும் மூவர் அதே படத்தைத் தத்தம் நம்பரோடு அனுப்புகிறார்கள். பத்திரத்தை இதுவரை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

சட்டம் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஒருவரை முகவராக்க எழுத்து தேவையில்லை, முன்பணம் தேவையில்லை, நடத்தையே போதும். ஆகவே "பார்க்கலாம்" என்பதும் நியமன ஆணையாகிவிடலாம்.

3. மெய்ப்பாட்டியல்

தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளும் ஒரே வீட்டு விற்பனையில் வெளிப்படுவதை இவ்வாய்வு கண்டறிந்துள்ளது.

உவகை: "பார்ட்டி கையில ரெடியா இருக்குண்ணா" என்று கேட்ட கணத்தில் தோன்றுவது.

பெருமிதம்: வந்தவர்கள் மொட்டைமாடி வரை ஏறி, சுவரைத் தட்டிப் பார்த்து, ஃபேனும் வீட்டோடு சேர்த்தியா என்று கேட்கையில் தோன்றுவது.

மருட்கை: தம் வீடே வேறொரு நம்பரில் ஐந்து லட்சம் கூடுதலாக விலை பேசப்படுவதைக் காண்கையில் தோன்றுவது.

இளிவரல்: 2021 நவம்பர் 29 விடியற்காலையில் வேலூருக்கு மேற்கே பதிவான 3.6 அளவு நிலநடுக்கத்தை வந்தவர்கள் இன்றைக்கும் நினைவூட்டி விலையைக் குறைக்கச் சொல்கையில் தோன்றுவது.

அச்சம்: "உங்க வெலைக்கு இந்த ஜென்மத்துல போகாது" என்று கேட்கையில் வருவது.

வெகுளி: எட்டாவது முறையும் போன் "பிஸி" என்று வருகையில் எழுவது.

அழுகை: பதிவு நாளன்று பத்திர ஆபீஸ் வாசலில் கமிஷனுக்காக மூன்று புரோக்கர்கள் நிற்கையில் பொங்குவது.

எஞ்சிய நகை பக்கத்து வீட்டாருக்கு உரியது.

4. முன்னோர் மரபு

மாட்டுச் சந்தைத் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார். வாங்குபவர், விற்பவர், மாடு மூவரும் அவர் கண்ணெதிரே நிற்பார்கள். பேரம் படிந்ததும் தரகுக் காசு கைமாறும், கதை முடியும். நம் வேலூர் மாவட்டத்துப் பொய்கையில் இன்றும் செவ்வாய்க்கிழமைச் சந்தை கூடுகிறது. வீட்டுப் பேரமோ மாதக்கணக்கில் இழுக்கிறது. வாங்குபவரும் விற்பவரும் நேரில் பார்க்காதபடி நடுவில் நிற்பதே புரோக்கர் பலருக்குப் பிழைப்பு. பழைய தரகர் மறைத்தது விரலை. இன்றையவர் மறைப்பது ஆளையே.

5. மறந்துபோன ஆயுதங்கள்

வீட்டுக்காரருக்குத் தெரியாத செய்தி, அவர் நிராயுதபாணி அல்லர் என்பது. மேற்படி 1872 சட்டம் அவருக்காகவே எழுதப்பட்டதோ என்று ஐயுற இடமுண்டு.

நீக்கும் உரிமை: முகவரின் அதிகாரத்தை நியமித்தவர் திரும்பப் பெறலாம் என்கிறது 201-ஆம் பிரிவு. நியாயமான முன்னறிவிப்பு தர வேண்டும். நீக்கிய செய்தி அவருக்கு எட்டினால்தான் செல்லும். போனை எடுக்காமல் இருப்பது நீக்கமாகாது. இரண்டு வரி மெசேஜ் ஆகும்.

கமிஷன்: தனி ஒப்பந்தம் இல்லாதபோது காரியம் முடிந்த பிறகே கூலி என்பது 219. முறைகேடாக நடத்திய காரியத்துக்குக் கூலியே இல்லை என்பது 220. டோக்கன் அட்வான்ஸை வாங்கித் தம் பையில் வைத்திருப்பவர், தமக்குச் சேர வேண்டியது போக மீதியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தாக வேண்டும் என்பது 218.

புரோக்கரே மச்சான் பேரில் வாங்குதல்: 215-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு சுவையானது. நிலத்தை விற்றுத் தரச் சொன்னால், முகவர் அதில் சுரங்கம் இருப்பதைக் கண்டு, மறைத்து, தானே வாங்கிக்கொள்கிறார். உண்மை தெரிந்ததும் உரிமையாளர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம். மாநில எல்லைக்கு அப்பால் கோலார் தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டுவிட்டதால் நம் கொல்லைப்புறத்தில் தங்கம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பைபாஸ் வரப்போகும் செய்தியே இன்றைய சுரங்கம்.

இதே சட்டத்தில் வீட்டுக்காரரைக் குத்தும் முள்ளும் ஒன்று உண்டு. முகவர் தம் வேலையினூடே சொன்ன பொய், நியமித்தவரே சொன்ன பொய்க்குச் சமம் என்கிறது 238. தோல் கழிவால் பாலாற்றுப் பக்கத்துத் தண்ணீர் கெட்ட கதை உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பும் வந்தது. இந்த வட்டாரத்தில் போர்வெல் தண்ணீரைப் பற்றிப் புரோக்கர் "இளநீர் மாதிரி இருக்கும்" என்று அளந்துவிட்டால், வாங்கியவர் கேட்டு வருவது வீட்டுக்காரரைத்தான்.

6. ரெரா என்னும் மயக்கம்

"ரெராவில் புகார் கொடுப்பேன்" என்று மிரட்டுவோர் கவனிக்க. ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முகவர் பதிவைக் கட்டாயமாக்குவது, பதிவு பெற்ற மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களில் விற்பனை செய்வோருக்கு. தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை விற்றுத் தரும் பாய் அந்த வலையில் சிக்கமாட்டார். கமிஷன் கொடுத்தும் சேவையில் குறை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஆணையம் முதலில் கேட்பது, "எழுத்தில் என்ன இருக்கிறது?" என்பதைத்தான். அங்கே நம் வீட்டுக்காரர் டீக்கடை பெஞ்சை எடுத்துக் காட்ட முடியாது.

7. முடிவும் பரிந்துரையும்

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. உரிமைகள் எல்லாம் இருக்கின்றன, அவற்றைத் தாங்க ஒரு தாள் இல்லை. ஆகவே பரிந்துரைக்கப்படுவது ஒரு பக்கத் தாள். குறைந்தபட்ச விலை என்ன, அதற்கு மேல் வந்தால் யாருக்கு, கமிஷன் எத்தனை சதவீதம், எந்த நாளில், எத்தனை மாதக் கெடு, ஒருவருக்கு மட்டுமா பலருக்குமா என்பதை எழுதி இருவரும் கையெழுத்திடுக. அழைத்துவரும் பார்ட்டியின் பெயரை அன்றன்றே மெசேஜில் வாங்கி வைக்க; மூவர் கமிஷன் கேட்கும் நாளில் அதுவே சாட்சி. அசல் பத்திரமும் பவரும் புரோக்கர் கைக்குப் போக வேண்டாம், வில்லங்கச் சான்றும் நகலும் போதும். அட்வான்ஸ் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரட்டும். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது.

நல்ல புரோக்கர் இந்தத் தாளில் தயங்காமல் கையெழுத்திடுவார், அவருக்கும் அது பாதுகாப்பு. எழுதித் தர மறுப்பவரிடம் கோபப்பட வேண்டாம். அவரிடம் வீட்டைக் கொடுக்கவும் வேண்டாம்.