கத்திரி வெயிலில் அயல்நாடு: வல்லக்கோட்டை வட்டாரப் பள்ளிப் பிள்ளைகளின் கோடைப் பயணம் குறித்து ஒரு முன்னாய்வு

வல்லக்கோட்டை முருகன் ஏழடி உயரம். இவ்வாய்வின் முதல் சான்று அவரே. பள்ளி வயதுப் பிள்ளை ஒருவன் துணைக்கு ஆசிரியர் இல்லாமல் உலகைச் சுற்றிவந்ததாக நம்மிடம் உள்ள மிகப் பழைய பதிவு அவருடையது. வாகனம் மயில், விசா பற்றிய குறிப்பு இல்லை. அப்பயணம் எந்தப் பருவத்தில் நடந்தது என்று புராணிகர் சொல்லவில்லை, உரையாசிரியர் எவரும் கேட்கவுமில்லை. பரிசுப் பொருளோ மாம்பழம். எனவே சித்திரை, தவறினால் வைகாசி. அது பள்ளி விடுமுறைக் காலம் என்பது இத்துடன் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படுகிறது. நாரதர் கொண்டுவரும் பழத்துக்குப் பருவம் ஏது என்று மறுப்போர், மார்கழியில் ஒருமுறை கோயம்பேடு போய் விலை விசாரித்துவிட்டு வந்து மறுக்கலாம்.

அதே வீட்டின் மூத்த பிள்ளை பெற்றோரை ஒரு சுற்று சுற்றி, உள்ளூரிலேயே பாடத்தை முடித்துப் பழத்தையும் வாங்கிக்கொண்டார். திரும்பிவந்த இளையவருக்கு வீடு பிடிக்கவில்லை, பழனிக்குப் போய்விட்டார். வெளிநாட்டில் இருந்து திரும்பும் மாணவருக்குச் சொந்த ஊர் ஒட்டாமல் போவதை 1963-இல் கல்லஹார்ன் தம்பதியர் ஆங்கில டபிள்யூ எழுத்தின் வடிவில் ஒரு வளைகோடு போட்டு விளக்கினார்கள். நம்மிடம் வளைகோடு இல்லை, மலை இருக்கிறது.

மேலை நாட்டு ஆய்வாளர்கள் இத்துறையை ஆங்கிலேயச் சீமான் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து தொடங்குவார்கள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் படிப்பு முடியும் வயதில் பையனை ஒரு வாத்தியாரோடு பிரான்சுக்கும் இத்தாலிக்கும் அனுப்பிவைப்பது அங்கே வழக்கம். அவ்வழக்கம் சூடுபிடிக்கும் முன்பே, 1608-இல், தாமஸ் கோரியட் என்பவர் வெனிஸ் வரை போய்வந்து 1611-இல் தடித்த புத்தகம் ஒன்றை வெளியிட்டார். இத்தாலியர் முள்கரண்டியால் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு ஊரில் தாமும் அப்படியே சாப்பிட, நண்பர்கள் கேலி செய்தார்கள். கேலி பொறுக்காமலோ என்னவோ, அடுத்த பயணத்தில் பெரும்பாலும் நடந்தே இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். அஜ்மீரில் ஜஹாங்கீர் முன்னால் பாரசீகத்தில் ஒரு சொற்பொழிவாற்றிக் காசு வாங்கினார். 1617-இல் சூரத்தில் இறந்துபோனார். கையால் சாப்பிடும் நாட்டில் அவர் முள்கரண்டியை என்ன செய்தார் என்பது தனி ஆய்வுக்குரியது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கான முதல் வெகுசன வெளிநாட்டுப் பயணம் 1973 மே 11 அன்று தொடங்கியது. அன்றுதான் 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானது. ஹாங்காங், சிங்கப்பூர், தாய்லாந்து, ஜப்பான், ஒசாகாவின் எக்ஸ்போ 70 கண்காட்சி என்று அத்தனையையும் தரை டிக்கெட் விலையில் காட்டிய அத்திட்டத்தின் சிக்கனத்தை இன்றுவரை எந்த டிராவல்ஸ் நிறுவனமும் எட்டவில்லை. தேதியை மட்டும் வாசகர் நினைவில் வைக்க: கத்திரி நடுவே. இது பின்னால் முக்கியமாகும்.

களப்பணிக்காகக் கோயிலருகே ஒரு டீக்கடையில் ஆய்வு மையம் அமைக்கப்பட்டது. நிதி ஒதுக்கீடு டீயும் மசால் வடையும். கடைக்காரர், கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பர்ஸ்ட் ஷிப்ட்காரர்கள், டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள், அவர்களைக் கொண்டுவிட வரும் தாய்மார் ஆகியோர் தகவலாளிகள்.

முதலில் அளவீடு பற்றி ஒரு சொல். பயணத்தின் பயனை அளக்க இப்பகுதியில் நம்பகமான அலகு ஒன்றுதான் உண்டு. அது சதுர அடி. நிலத்தை அளக்க வந்த அலகு இப்போது பிளெக்ஸுக்கும் பயன்படுகிறது. "நாசா சென்று வெற்றியுடன் திரும்பும்" என்று தொடங்கும் பிளெக்ஸில் பிள்ளையின் படம் நடுவில், விண்கலம் பின்னால், தாய்மாமன்கள் கீழே வரிசையாக, உள்ளூர்ப் பிரமுகர் பிள்ளையைவிடச் சற்றுப் பெரிதாக. பிள்ளை எதில் வென்றது என்று எந்தப் பிளெக்ஸும் சொல்வதில்லை. ஃப்ளோரிடாவில் உள்ள கென்னடி விண்வெளி மையத்தின் பார்வையாளர் வளாகத்துக்குள் டிக்கெட் எடுத்த எவரும் நுழையலாம் என்ற செய்தியை இவ்வாய்வாளர் டீக்கடையில் ஒருமுறை வாய்தவறிச் சொன்னார். ஒரு தாய்மாமன் எழுந்து போய்விட்டார்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் அளவீட்டுக்குள் அடங்கும். தாத்தா நெல் போட்ட நிலத்தில் பாதி சிப்காட்டுக்குப் போயிற்று, மீதி மனையாயிற்று, மனை ஃப்ளோரிடாவாயிற்று. எல்லோருக்கும் இப்படி அல்ல. குத்தகைக்கு உழுதவர் வீட்டுக்கு இழப்பீடும் வரவில்லை, பிளெக்ஸும் வரவில்லை.

இப்பயணம் கல்வியா சுற்றுலாவா என்ற தத்துவச் சிக்கலைப் பள்ளிகளும் பெற்றோரும் தீர்க்க முடியாமல் விட்டுவிட்டார்கள். தீர்த்துவைத்தது வருமான வரித் துறை. 2023 அக்டோபர் 1 அன்று நடப்புக்கு வந்த விதியின்படி, அப்போது வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் பணத்தில் ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் வரை முன்வரிப் பிடித்தம் இல்லாமல் இருந்தது. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு என்றால் முதல் ரூபாயிலிருந்தே 5 சதவீதம், 7 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம் என்று இருந்தது. பள்ளியின் சுற்றறிக்கையில் 'கல்விப் பயணம்' என்று இருந்தது. டிராவல்ஸ்காரர் போட்ட பில்லில் 5 சதவீதம் இருந்தது. பிளாட்டோ காலத்து விவாதங்கள்கூட இவ்வளவு தெளிவாக முடிந்ததில்லை.

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். தகவலாளி 'அ' பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு மே மாதம் அமெரிக்கா போய்வந்தவர். அயல்நாட்டு வாழ்வில் எவ்வளவு தோய்ந்தீர்கள் என்று கேட்கப்பட்டது.

"ராக்கெட்டு செம பெருசு சார். சாப்பாடுதான் டெய்லி தக்காளி சாதம்."

அங்குள்ள பிள்ளைகளோடு பழகினீர்களா?

"அங்க பசங்களா? யாருமே இல்ல சார். எங்க கிளாஸ் பசங்கதான். அப்புறம் கோயம்புத்தூர்லேந்து ஒரு ஸ்கூல் வந்திருந்தாங்க."

இந்தப் பதிலை ஆய்வுலகம் இதுவரை பொருட்படுத்தவில்லை. அங்கே பிள்ளைகள் யாரும் கண்ணில் படாததற்குக் காரணம் எளிது. நம் விடுமுறையை நிர்ணயிப்பது அக்னி நட்சத்திரம். மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மாதக் கடைசி வரை காயும். உலகின் மற்றப் பகுதிக்குக் கத்திரி கிடையாது. கொரியாவில் மார்ச்சில் திறந்த பள்ளி ஜூலை வரை நடக்கும். ஜப்பானில் ஏப்ரலில் திறந்து, மே முதல் வாரத்தில் சில நாள் விட்டு, மறுபடி மணி அடித்திருப்பார்கள். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பக்கம் கோடை விடுமுறை ஜூலைக் கடைசியில்தான். அமெரிக்காவில் மே கடைசியோ ஜூனோ. ஆக, நம் பிள்ளை போய் இறங்கும் நாளில் அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு விடுமுறை விடும்போது நம் பிள்ளை முதல் இடைத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறது. இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்துவிடக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து காலண்டர் போட்டதுபோல் இருக்கிறது. தங்கும் விடுதியில் பக்கத்துக் கட்டில் அதே வகுப்பு, அதே பெஞ்சு, பஸ்ஸில் அந்தாக்ஷரி. மூன்று வேளையும் இந்திய உணவு என்பது விளம்பரத்தின் முதல் வரி. அயல்நாட்டுக்குப் போய் இவர்கள் நெருங்கிப் பழகியது ஒருவரோடொருவர். அது கெட்டதல்ல. ஆனால் மகாபலிபுரத்தில் முடிந்திருக்கும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பயணம் இவ்விதிக்கு விலக்கு என்பதை நேர்மையுடன் பதிவுசெய்ய வேண்டும். போட்டிகளில் வென்றவர்களை அழைத்துப்போகும் தமிழகப் பள்ளிக் கல்வித் துறை, 2022 நவம்பரில் ஒரு குழுவை அமீரகத்துக்குக் கூட்டிப்போய் ஷார்ஜா புத்தகக் கண்காட்சியைக் காட்டியது. கண்காட்சி நவம்பரில் நடந்தால் நவம்பரில்தான் போக முடியும், கத்திரிக்குக் காத்திருக்காது. 2014-இல் ஜப்பான் தொடங்கிய சகுரா அறிவியல் திட்டமும் அப்படியே: அவர்கள் கூப்பிடும் தேதிக்குப் போய், ஆய்வுக்கூடம் பல்கலைக்கழகம் என்று ஏறக்குறைய ஒரு வாரம் பார்த்துவிட்டு வரவேண்டும். விடுமுறையை விட்டுக்கொடுக்காமல், பள்ளி நாளை விட்டுக்கொடுத்துப் போகிறவர்களுக்கு மட்டும் அயல்நாட்டில் ஆள் அகப்படுகிறார்கள். இந்த வீடுகளில் பிளெக்ஸ் கட்டினால்கூட இவ்வாய்வாளருக்கு ஆட்சேபமில்லை. எதில் வென்றது என்று அதில் எழுத ஏதோ இருக்கிறது.

இவ்வளவும் நடக்கும்போது அயல்நாடு எங்கே இருந்தது? டீக்கடையிலிருந்து பஸ் போகும் தூரத்தில். 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998-இல் சான்ட்ரோ சாலைக்கு வந்தது. அதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய எழுத்தில் பலகை மாட்டிய சாப்பாட்டுக் கடைகள் முளைத்தன. 2006-இல் நோக்கியா வந்து 2014-இல் போயிற்று. 2010-இல் ரெனோ நிசான் ஒரகடத்தில், 2012-இல் டைம்லர் லாரி ஆலை, 2015-இல் வல்லம் வடகாலில் யமஹா. இக்கம்பெனிகளின் ஊர்களான உல்சான், யோகோஹாமா, ஸ்டுட்கார்ட் மூன்றும் ஒரே பஸ் பாதையில். நெல் போட்ட தாத்தா எங்கும் போகவில்லை. மூன்று நாடுகள் அவர் வரப்பைத் தாண்டி வந்தன. இப்போது விமான நிலையமே பரந்தூருக்கு வருகிறதாம். அங்கே ஏகனாபுரத்துக்காரர்கள் 2022 முதல் வேண்டாம் என்று போராடிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே போக விரும்புகிறவர்களுக்காக, போக விரும்பாதவர்களை வெளியேற்ற வேண்டியிருப்பது இத்துறையின் தீராத முரண்.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க 706.50 கோடி ரூபாயில் கட்டிய குடியிருப்பு திறக்கப்பட்டது. பிளஸ் டூ முடித்த கையோடு எங்கெங்கோ இருந்து பெண்கள் இந்த வட்டாரத்துக்கு வருகிறார்கள். புது ஊர், புது மொழி, அறைத்தோழிகள், வார்டன், மணி அடித்தால் சாப்பாடு, கொரியரோ தைவானியரோ வகுத்த வேலை முறை. தோய்தலுக்கு விளம்பரங்கள் அடுக்கும் அத்தனை இலக்கணமும் இங்கே பொருந்துகிறது. சம்பளம் பிள்ளைக்கே கிடைக்கிறது என்பது கூடுதல் அம்சம். ஆனால் இதற்குக் கல்விப் பயணம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, வரியும் போடவில்லை.

மொழிக் கல்வியில் வட்டாரத்தின் சாதனை இன்னும் பெரிது. டீக்கடைக்காரர் பள்ளியில் இந்தி படித்தவரல்லர். ஒடிசா, பீகார் பையன்களுக்கு டீ ஊற்றியே கற்று, இன்று கடன் பாக்கியை இந்தியில் கேட்கிறார். தவணை சொல்லும் சாக்குப்போக்கை ஒடியாவிலும் புரிந்துகொள்கிறார். கட்டணம் கட்டி ஒரு மாதம் பாரீசில் இருந்துவிட்டு வந்த எந்தப் பிள்ளையாலும் கடன் பாக்கியைப் பிரெஞ்சில் வசூலிக்க முடியும் என்று இவ்வாய்வாளர் நம்பவில்லை. மொழித் தேர்ச்சிக்கு இதைவிடக் கடுமையான தேர்வு கிடையாது.

ஆகவே இவ்வாய்வு முன்மொழிவது ஒரு மறுதிசைத் திட்டம். கொரியாவின் உல்சான் நகர உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. இங்கே அது ஆடி. கத்திரி ஓய்ந்திருக்கும், பள்ளி திறந்திருக்கும், நம் பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள். ஆடிக் கிருத்திகையும் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும். முதல் நாள் பாடம்: காவடிக் கூட்டத்தில் வரிசையில் நிற்றல், வரிசை இல்லாத இடத்திலும் நிற்றல். இரண்டாம் நாள்: ஒரகடம் ஜங்ஷனில் ஷேர் ஆட்டோ ஏறுதல், இறங்கும் இடத்தைக் கத்திச் சொல்லுதல். மூன்றாம் நாள் அம்மன் கோயில் கூழ். தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு. உலர்ந்த நெத்திலி கொரியச் சமையலறையிலும் உண்டு என்பதால் பண்பாட்டு அதிர்ச்சி மட்டுப்படும். பிறகு ஒருநாள், அவர்கள் ஊர் கார் இங்கே எப்படிச் செய்யப்படுகிறது என்பதைக் காண்ட்ராக்ட் தொழிலாளியின் வாயால் கேட்டல். நிகழ்ச்சி நிரலில் இந்திய உணவு மூன்று வேளை; மறுபேச்சில்லை.

திட்டத்துக்கு விருந்தோம்பும் குடும்பம் வேண்டும். கோயில் பின்புறம் லைன் வீடுகள் வாடகைக்கு விடும் அம்மாளிடம் நேர்காணல் நடத்தப்பட்டது.

"கொரியாக்காரப் பசங்களா? கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் இருக்கசொல்லோ எங்கூட்ல எதுக்கு?"

கற்றுக்கொள்ள, என்று சொல்லப்பட்டது.

"எங்கைல இன்னாத்த கத்துக்கப் போதுங்க?" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, வரட்டும். மாடி ரூம்ல ஒடிசாப் பசங்க நாலு பேரு இருக்கானுங்க, கூடப் படுத்துக்கட்டும். தண்ணி காலைல ஆறு மணிக்குதான் வுடுவேன். அட்வான்ஸ் நீங்க குடுப்பீங்களா, அந்தப் புள்ளைங்களோட அப்பன் குடுப்பானா? கரண்ட் பில்லு தனி, அத மொதல்லயே அவங்க பாஷைல சொல்லிடுங்க சார்."