ஏழு சீட், ஒரு சார்

பெருமாள்மலையிலிருந்து கொடைக்கானல் டவுனுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதை ஏழு பேர் உட்காரும் காரில் தினமும் தன்னந்தனியாக ஏறி வருகிற ஒருவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். வங்கியில் இருப்பார், அரசு அலுவலகத்தில் இருப்பார், பெரிய ஹோட்டலின் கணக்குப் பிரிவில் இருப்பார். பெயர் எதுவானாலும் ஊருக்கு அவர் 'சார்'.

சாருடைய காரில் ஆள்தான் இல்லையே தவிர இடம் காலியாக இருக்காது. முன் சீட்டில் டிபன் கேரியர். நடு வரிசையில் ஜெர்கின், குடை, மழை வந்தால் போட இன்னொரு ஜெர்கின். கடைசி வரிசையில் போன தீபாவளிக்கு வந்து இன்னும் இறங்காத அட்டைப்பெட்டி. ஒருநாள் பூம்பாறைப் பூண்டு ஒரு மூட்டையை முன் சீட்டில் வைத்தார். ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு வண்டி 'பெல்ட் போடு' என்று கத்த ஆரம்பித்தது. சார் பூண்டுக்குப் பெல்ட் மாட்டினார். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது. மரியாதை கொடுக்க வேண்டியதுதான்.

அன்றைக்குப் பஸ் ஸ்டாப்பில் அவருடைய ஆபீஸ் கிளார்க் அம்மா நின்றிருந்தார்.

"சார், டவுனுக்கா?"

"நான் இன்னைக்கு வேற ரூட்டும்மா."

பெருமாள்மலையிலிருந்து டவுனுக்கு வேறு ரூட் வேண்டுமென்றால் மலையைக் குடைந்துதான் போக வேண்டும்.

அந்த அம்மாவுக்குச் சாதாரணப் பஸ்ஸில் டிக்கெட் செலவு கிடையாது. பெண்களுக்கான விடியல் பயணத் திட்டத்தை 2024-இல் மலைப்பகுதிகளுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். பஸ்தான் வந்து சேரவில்லை. அது கீழே எங்கோ, சார் மாதிரியானவர்களின் கார்களுக்குப் பின்னால் நிற்கிறது.

சாருடைய காரும் வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் நெரிசலில் நிற்கும். அங்கேதான் அவருடைய அன்றாடச் சொற்பொழிவு. கண்ணாடியை இறக்கி, பக்கத்தில் நிற்கும் யாரிடமாவது சொல்வார்: "டூரிஸ்ட் தொல்லை தாங்க முடியலப்பா. இந்த மலை எவ்வளவுதான் தாங்கும்?" நியாயமான கேள்வி. சென்னை உயர் நீதிமன்றமும் அதையேதான் கேட்டது. அதன் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு கோடை சீசனுக்கு, ஏப்ரல் 1 முதல், கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பே வைத்தார்கள். உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு. சாருக்கு அதில் தனிப் பெருமை. "நம்ம வண்டி அந்தக் கணக்குலயே வராது" என்பார். கணக்கில் வராத வண்டியும் ரோட்டில் இடம் அடைக்கும் என்பது அவருக்கு மூஞ்சிக்கல் ஜங்ஷனில்கூடத் தோன்றியதில்லை. இத்தனைக்கும், டூரிஸ்ட் காரில் பாட்டி, பேரன், முறுக்கு டப்பா என்று நெருக்கியடித்து ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். சாலையை வீணடிப்பது யார் என்று தலை எண்ணிப் பார்த்தால் சாருக்குச் சங்கடமாகிவிடும்.

ஒருவிதத்தில் சார் பழைய மரபைக் காப்பாற்றுகிறவர். 1910-களின் நடுவில் மலைச்சாலையில் மோட்டார் வண்டி ஏறுவதற்கு முன்னால், வெள்ளைக்காரத் துரைகள் பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து டோலியிலும் நாற்காலியிலும் வந்தார்கள். ஒரு துரை உட்கார்ந்திருப்பார். மாற்றி மாற்றிப் பலர் தோள்கொடுத்துச் செங்குத்துப் பாதையில் தூக்கி வருவார்கள். இப்போது தோள் வலிப்பது இன்ஜினுக்கு. எழுபத்தைந்து கிலோ சாரை ஏற்றிவர ஒன்றரை டன் இரும்பு இரண்டாம் கியரில் முக்குகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, பெட்ரோலையும் ரப்பரையும் மிச்சம்பிடிக்க அமெரிக்க அரசு ஒரு சுவரொட்டி போட்டது. காரில் ஒருவர் ஓட்டுகிறார். பக்கத்து சீட்டில் மங்கலாக ஹிட்லர். தனியாகப் போகிறவன் ஹிட்லரோடு போகிறான் என்பது சேதி. இதை நம் சாரிடம் சொல்லிப் பார்த்தேன். "அவருக்குப் பெல்ட் போட்டாங்களா?" என்று கேட்டார்.

ஆளை ஏற்றாததற்குச் சாரிடம் சட்டமே கைவசம் உண்டு. "இது வெள்ளை போர்டு வண்டி. காசு வாங்கி ஏத்தினா ஆர்.டி.ஓ. பிடிப்பாரு. காசு வாங்காம ஏத்தினா நமக்கு நஷ்டம்." சும்மா வரும்போதும் அதே பெட்ரோல்தானே எரிகிறது என்றால், "அது வேற" என்பார். வேலை முடிகிற நேரம் ஆளுக்கு ஆள் வேறு, பேச்சுத் துணை பிடிக்காது, மற்றவர் சட்டையில் சாம்பிராணி வாசம் என்று காரணங்கள் நீளும். உண்மைக் காரணம் ஒன்றுதான்: தனியாக வந்து இறங்கினால்தான் வாட்ச்மேன் சல்யூட் அடிக்கிறார்.

மேல்மலைப் பக்கம் கேரட்டும் பூண்டும் எடுக்கப் போகிற பெண்கள் ஜீப்பில் போவதைப் பாருங்கள். "நெருங்கி உக்காருடி" என்ற ஒரே சட்டத்தில் பத்துப் பதினாலு பேர் அடங்கிவிடுகிறார்கள். அது சரியென்று நான் சொல்லமாட்டேன். அந்த வளைவுகளில் அத்தனை பேரை அடைப்பது உயிரோடு விளையாடுவது. ஆனாலும், கூலிக்காரருக்குச் சீட் பங்கு, சாருக்குச் சீட் மிச்சம் என்கிற ஏற்பாடு எனக்கு உறுத்துகிறது.

பழியை முழுக்கச் சார் தலையில் போடவும் மனம் வரவில்லை. அவருக்குப் பெட்ரோல் படி தருவது ஆபீஸ். வாசலை ஒட்டி, கூரைக்குக் கீழே, பெயர்ப்பலகை வைத்து நிறுத்த இடம் தருவதும் ஆபீஸ். பஸ்ஸில் வருகிற கிளார்க் அம்மா பத்து நிமிஷம் தாமதித்தால் சிவப்பு மை போடுவதும் அதே ஆபீஸ்தான். பிறகு ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று எல்லோருக்கும் ஒரு மரக்கன்று. சார் அதை வாங்கி, பத்திரமாக நடு வரிசை சீட்டில் வைத்துக்கொண்டு தனியாக வீட்டுக்குப் போவார்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் 3எம் நிறுவனம் 1973-இல் இதற்கு ஒரு வழி கண்டது. கம்பெனியே வேன் வாங்கியது. ஒரே பக்கமிருந்து வருகிற ஊழியர்கள் சேர்ந்து வர வேண்டும். அவர்களில் ஒருவரே ஓட்ட வேண்டும். ஓட்டுகிறவருக்குப் பயணம் இலவசம், மற்றவர்கள் கட்டணம் கொடுக்க வேண்டும். ஆறு வேனில் தொடங்கியதைப் பிறகு பல நிறுவனங்கள் பார்த்துச் செய்தன. உபதேசம் கேட்டு யாரும் ஏறவில்லை. லாபம் இருந்தது, ஏறினார்கள்.

கொடைக்கானலில் நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற ஹோட்டல் முதலாளிகளே, பள்ளி நிர்வாகிகளே, மேனேஜர்களே: வாசலோரக் கூரை இடத்தை மூன்று பேரோடு வருகிற வண்டிக்குக் கொடுங்கள். தனியாக வருகிற வண்டிக்குக் கீழே, மழை பெய்கிற பக்கம் இடம் போதும். பெட்ரோல் படியை அப்படியே பஸ் படியாக வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். வேலை நேரத்தைப் பஸ் வருகிற நேரத்தோடு ஒட்டி வையுங்கள். வாட்ச்மேனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இனிமேல் தலைக்கு ஒரு சல்யூட் என்று. நம் சார் அடுத்த வாரமே கண்ணாடியை இறக்கி, "ஏறும்மா, டவுனுக்குத்தானே?" என்று கேட்பார்.