ஆறே முக்கால் மணி நேரப் பாரதம்

விரிஞ்சிபுரம் மார்கபந்தீசுவரர் கோயிலில் நிழலால் மணி காட்டும் கல் ஒன்று உண்டு. இரவில் அதற்கு விடுமுறை. அதனாலோ என்னவோ, வேலூர் வட்டாரத்துப் பாரதக் கூத்து இரவு பத்துக்குத் தொடங்கினால் விடியும்வரை ஓய்வதில்லை.

கணினிக்கு இந்தத் தாராளம் ஆகாது. சிடி தரத்தில் பதிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி; சாதாரண வேவ் கோப்பின் உச்சவரம்போ 4 ஜிபி. ஆறே முக்கால் மணி நேரத்தில் கோப்பு நிரம்பிவிடும். பீமன் கதையை ஓங்கியபடியே நிற்க வேண்டியதுதான்.

எம்பி3 ஆக்கினால், 128 கேபிபிஎஸ் வேகத்தில் எட்டு மணி நேரமும் 500 எம்பிக்குள் அடங்கிவிடும். சிலர் அதை மறுபடி வேவ் ஆக்குகிறார்கள், தரம் கூடுமாம். கூடுவது எடை மட்டும்.

அடுத்தது வெட்டு. 78 சுழற்சி இசைத்தட்டுக் காலத்தில் பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம். ராகங்களே பட்டினி கிடந்துதான் தட்டில் ஏறின. இன்று இலவச ஆடாசிட்டி கையில் கிடைத்தவர் முதலில் முகவீணையைக் குறைக்கிறார், பிறகு கட்டியங்காரனின் கிண்டலை. நடுவில் வரும் ‘ஐம்பது ரூபாய் அன்பளிப்பு’ அறிவிப்பில் மட்டும் கை வைப்பதில்லை. கொடுத்தவர் உள்ளூர்க்காரர்.