அம்மாளாச்சியும் அமெரிக்க மெசினும்

நெளுக்குளத்தில் ஒருவரை டவுனுக்கு வரச்சொல்லிவிட்டு, கைபேசியில் "எங்க நிக்கிறியள்?" என்று கேட்டுப் பாருங்கள். "குருமன்காடு தாண்டிட்டன், இந்தா வந்திட்டன்" என்பார். பின்னால் அவருடைய வீட்டுக் கோழி கொக்கரிக்கும். இதை இங்கே யாரும் பொய்க்கணக்கில் சேர்ப்பதில்லை. "காசு திங்கட்கிழமை தாறன்", "பெடியன் குடிக்கிறதில்லை" என்பவையும் அந்த வகைதான். சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

பக்கத்து வளவு அக்காவுக்கு மட்டும் இந்தப் பெருந்தன்மை போதவில்லை.

"தம்பி, பொய் பிடிக்கிற மெசின் ஒண்டு இருக்காமே, என்ன விலை வரும்?"

விசயம் இதுதான். அத்தான் பின்னேரங்களில் வயலுக்குத் தண்ணி கட்டப் போகிறார். காலபோகம் வெட்டி, நெல்லும் விற்றாயிற்று. தண்ணி கட்டுவது மட்டும் நிற்கவில்லை. வயலுக்குப் போகிற வழியில் ஒரு தவறணை இருக்கிறது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1921இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜோன் லார்சன் என்ற பொலிஸ்காரர் செய்த மெசின் அது. மூச்சு, நாடி, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கடதாசியில் கீறிக்காட்டும். மாணவியர் விடுதித் திருட்டு ஒன்றுக்காகச் சோதித்த பெண்களில் ஒருத்தியை லார்சன் பிறகு கலியாணமே கட்டிக்கொண்டார். (எங்கள் பக்கத்தில் சாதகத்தோடு விட்டுவிடுகிறோம்.)

"அப்ப நல்ல மெசின்தான்" என்றா அக்கா.

வில்லியம் மார்ஸ்டன் கதையைச் சொன்னதும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டா. இரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைப் பிடிக்கலாம் என்று லார்சனுக்கும் முதலே சொன்னவர் அவர். கயிற்றால் கட்டி உண்மையைக் கறக்கும் வொண்டர் வுமனைப் படைத்தவரும் அவர்தான். அவருடைய வீட்டில் மனைவியோடு இன்னொரு பெண்ணும் இருந்தா. ஆளுக்கு இரண்டு பிள்ளைகள், நாலுக்கும் தகப்பன் மார்ஸ்டன். இரண்டாமவவின் பிள்ளைகளை மட்டும் "அப்பா செத்துப்போனார்" என்று சொல்லி வளர்த்தார்கள். செத்துப்போன அப்பா அதே வீட்டில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மெசினுக்குப் பொய் தெரியாது, பயம் மட்டும்தான் தெரியும் என்று அக்காவுக்கு விளக்கப் பார்த்தேன். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் சொந்த அடையாள அட்டையை நீட்டும்போதே நெஞ்சு படபடத்த சனம் நாங்கள். எங்களை அதில் பூட்டிப் பெயர் கேட்டால், உண்மைப் பெயருக்கே ஊசி எகிறும். அத்தானோ "தண்ணி கட்டப் போறன்" என்று சொல்லும்போது கண்கூட இமைக்காதவர். சீ.ஐ.ஏ.க்குள் இருந்தே சோவியத்துக்கு உளவு சொன்ன ஓல்ட்ரிச் ஏம்ஸ் 1986இலும் 1991இலும் இந்தச் சோதனையில் தேறினார். அத்தானுக்கு அது பாலர் வகுப்பு.

"அதோட, விருப்பமில்லாத ஆளை அதில பூட்டக்கூடாதெண்டு இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல தீர்ப்புச் சொல்லியிருக்கு அக்கா."

"அது கோட்டுக்கு. குசினிக்கில்லை."

கடைசியில் அக்கா மெசினை விட்டுவிட்டு, வற்றாப்பளை அம்மாளாச்சியிடம் வழக்கைக் கொண்டுபோக முடிவெடுத்தா. எனக்கு அந்த வழியிலும் சந்தேகம்தான். சிலப்பதிகாரத்துப் புகாரில் சதுக்கப்பூதம் என்று ஒன்று இருந்தது. பொய்ச்சாட்சிக்காரரையும் கள்ள வேடக்காரரையும் கயிறு வீசிப் பிடித்து, அடித்துத் தின்னும். அவ்வளவு கட்டுக்காவல் உள்ள ஊரில்தான் கோவலன் கண்ணகியை விட்டுவிட்டு மாதவி வீட்டில் குடியிருந்தான். பூதம் எட்டியும் பார்க்கவில்லை. அந்தக் கண்ணகிதான் வற்றாப்பளையில் இருக்கிறா என்பதால், அவவுக்கு இந்த வழக்கில் அனுபவம் உண்டு என்பது அக்காவின் வாதம்.

அத்தான் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். வைகாசிப் பொங்கலுக்குப் போய், அம்மாளாச்சிக்கு முன்னால் கற்பூரம் கொழுத்தி அணைத்துச் சத்தியம் பண்ணுவாராம். பொங்கலுக்கு இன்னும் மூன்று மாதம் கிடக்கிறது. அதுவரைக்கும் வயலைக் காயவிட ஏலாது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.